செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: சூட்டில் மட்டும் வரும் தொல்லை

மேடவாக்கம்_வண்டி:

வணக்கம். 2013 மாடல் பெட்ரோல் வண்டி, 1.2 லிட்டர், செகண்ட் ஹாண்டில் வாங்கியது. காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. கோயம்பேடு வரை எந்தத் தொல்லையும் இல்லை. மார்க்கெட்டில் காய் வாங்கி டிக்கியில் போட்டுவிட்டு வந்து செல்ஃப் அடித்தால் மோட்டார் ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. முக்கால் மணி நேரம் நிழலில் நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பெட்ரோல் போட நிறுத்தினால் பிரச்சினை இல்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றினார்கள், பேட்டரி மாற்றினார்கள், இப்போது பெட்ரோல் பம்பையும் மாற்றச் சொல்கிறார்கள். அங்கே போய்ச் சேரும்போது வண்டி நன்றாக ஓடுகிறது. பம்ப் மாற்றட்டுமா?

ஓஎம்ஆர்_ஓட்டி:

என் வண்டியில் பம்ப் போனபோது இதே கதைதான். வெயிலில் பம்ப் சூடாகி நின்றுவிடும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் இன்னும் மோசம். மாற்றிவிடுங்கள்.

பழைய_ஸ்பேனர்:

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பம்ப் விலை சும்மா இல்லை.

பெட்ரோல் போட்டுவிட்டு உடனே எடுத்தால் பிடிக்கிறது, காய் வாங்கக் கொஞ்ச நேரம் நின்றால் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. வண்டி ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது, முன்னாலிருந்து காற்றும் வருகிறது. ஆஃப் செய்ததும் இரண்டும் நின்றுவிடும். இன்ஜின் பிளாக்கில் இருக்கும் சூடு வெளியே போக வழியில்லாமல் ஒட்டியிருக்கும் சாமான்களுக்குள் ஏறும். நிறுத்திப் பத்து இருபது நிமிஷத்தில்தான் பானெட்டுக்குள் சூடு உச்சம். பின் சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி உட்கார்ந்திருக்கும் பம்புக்கு அந்தச் சூடு போவதில்லை. பிளாக்கிலேயே மாட்டியிருக்கும் கிராங்க் சென்சாருக்கு, அதாவது இன்ஜின் தண்டு சுற்றுவதை உணரும் சென்சாருக்குப் போகும். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

அந்த சென்சார் சிக்னல் கொடுக்காவிட்டால் இன்ஜின் சுற்றுகிறது என்பதே இசியுவுக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு) தெரியாது. ஸ்பார்க் விடாது, இன்ஜெக்டரையும் திறக்காது. செல்ஃப் மோட்டாருக்கு இது எதுவும் தேவையில்லை என்பதால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் இருக்கும் வகை என்றால் அது சூட்டில் விரிந்து எங்கேயோ விட்டுப்போகும், ஆறினதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒர்க்‌ஷாப்பில் எதுவும் அகப்படாது. டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் நின்றுவிடும் பல்வலி மாதிரி.

நீங்கள் பார்க்க வேண்டியதை கோயம்பேட்டிலேயே, வண்டி பிடிக்காத அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். சாவியை ஆன் பண்ணிவிட்டு செல்ஃப் அடிக்காமல் காது கொடுங்கள். பின் சீட்டுக்கு அடியில் ஓரிரு விநாடி 'உய்ங்' என்று சத்தம் வந்தால் பம்ப், ரிலே (பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), ஃப்யூஸ் மூன்றுக்கும் கரண்ட் போகிறது. பிரஷர் சரியா என்பது வேறு கேள்வி, ஆனால் செத்த பம்ப் இல்லை. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) சாவியை அடையாளம் காணவில்லை, அது தனிக் கதை.

அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். சில வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது முள் எப்போதுமே அசையாது, அதனால் முதலில் காலையில் நல்லபடியாகப் பிடிக்கும்போது அது என்ன செய்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நிச்சயமாக வேண்டுமென்றால் ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) வாங்கி போனில் ஆர்பிஎம்மைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது இருநூறைச் சுற்றி ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் சென்சார், அதன் கப்ளர் (ஒயரை மாட்டும் இணைப்பு), ஒயர், இந்த மூன்றுக்குள்தான் ஆள் இருக்கிறான். பி0335 என்று கிராங்க் சென்சார் கோளாறுக்கான கோட் வரலாம், வராமலும் இருக்கலாம். கோட் இல்லை என்பதால் சென்சார் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேளச்சேரி_மழை:

ஸ்பேனர் அண்ணே, நடுவில் புகுந்து கேட்கிறேன். மழையில் என் வண்டி கதவு மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. இன்னும் எடுக்கவில்லை. செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?

பழைய_ஸ்பேனர்:

வேண்டவே வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அப்படி ஒரு முறை அடித்துப் பார்த்துத்தான் பல பேர் கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டார்கள். இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, அதைத் தாங்கும் ராடுதான் வளையும். பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, ஆயில் குச்சியில் பால் கலந்த டீ நிறம் இருக்கிறதா பாருங்கள். பிளக்கைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றி, உள்ளே தண்ணீர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றது. டேங்கில் தண்ணீர் போயிருந்தாலும் பிடிக்காது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, தண்ணீர் அதிகமானால் எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், பம்ப் அதைத்தான் முதலில் உறிஞ்சும். தனியாகக் கேள்வி போடுங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

கொரட்டூர்_எலி:

யாராவது எலியைச் சொல்வார்கள் என்று பார்த்தேன். எங்கள் தெருவில் பாதி வண்டியில் ஒயரைக் கடித்து வைத்திருக்கிறது. சென்சார் மாற்றுமுன் ஒயரை விரலால் தடவிப் பாருங்கள்.

மேடவாக்கம்_வண்டி:

ஸ்பேனர் சார், பார்த்துவிட்டேன். பம்ப் சத்தம் வருகிறது. சாவி விளக்கு ஆன் செய்ததும் அணைந்துவிடுகிறது. காலையில் செல்ஃப் அடிக்கும்போது முள் லேசாக எழும்பியது, மதியம் மார்க்கெட் வாசலில் அசையவே இல்லை. மச்சானின் ஸ்கேனரிலும் ஆர்பிஎம் பூஜ்யம், கோட் எதுவும் இல்லை. எலி கடித்த அடையாளமும் இல்லை. புதுப்பேட்டையில் பழைய சென்சார் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். அதைப் போடலாமா?

பழைய_ஸ்பேனர்:

கதவு, கண்ணாடி, பம்பர் என்றால் புதுப்பேட்டைக்கு நானே போகச் சொல்வேன். இதற்கு வேண்டாம். பழைய சென்சாரும் கடையில் ஆறிப்போய்த்தான் கிடக்கும், மீட்டர் வைத்தால் நல்லதாகவே காட்டும். உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் சென்சாரின் பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாகக் கேளுங்கள்.

வாங்கும் முன் ஒரு காசில்லாத சோதனை. அடுத்த முறை பிடிக்காதபோது சாவியை ஆஃப் பண்ணிவிட்டு சென்சார் மேல் மட்டும் நனைந்த துணியை வைத்து ஆற வையுங்கள். பல வண்டிகளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் பெல்ட் புல்லி பக்கம். எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கலாம், கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். முக்கால் மணி நேரம் ஆனது ஐந்து நிமிஷத்தில் பிடித்தால் சந்தேகமே வேண்டாம்.

மேடவாக்கம்_வண்டி:

துணி வைத்தேன், பிடித்துவிட்டது. வாட்டர் கேன் தண்ணீர் போதவில்லை என்று இளநீர்க்காரரிடம் வாங்கி நனைத்தேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சென்சாரை நானே மாற்றலாமா?

பழைய_ஸ்பேனர்:

பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்தான். இன்ஜின் ஆறிய பிறகு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பழையது ஓ-ரிங்கோடு (ரப்பர் வளையத்தோடு) ஒட்டிக்கொண்டு எளிதில் வராது, ஸ்குரூடிரைவரால் நெம்பாமல் இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி இழுங்கள், முனை உடைந்து உள்ளே விழுந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டி வரலாம். கப்ளரில் பச்சை பூத்திருக்கிறதா, பின் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். மாற்றிய அன்றைக்கே காலையில் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று எழுதாதீர்கள். மதியம் ஒரு மணிக்குக் கோயம்பேட்டில் நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.