குதிரைப் பந்தயத்தில் நம்ப வேண்டியது இரட்டிப்பு முறையையா, சொந்தக் கணிப்பையா?

சூரமங்கலத்தான்:
வணக்கம். சீசன் காலத்தில் மாதம் ஒருமுறை சேலம் சந்திப்பில் ரயிலேறிப் பெங்களூர் ரேஸுக்குப் போய்வருவது என் பழக்கம். இதுவரை ரேஸ் புத்தகத்தைப் படித்து, பேடக்கில் (ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளாகம்) அவை சுற்றிவருவதைக் கவனித்து, மனதுக்குப் பட்டதில் பணம் கட்டிவந்தேன். நண்பர் ஒருவரோ, ஒவ்வொரு ரேஸிலும் ஃபேவரிட்டில், அதாவது ஜெயிக்கும் என்று பலரும் நம்பும் குதிரையில் மட்டும் கட்டி, தோற்றால் அடுத்ததில் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால், ஒரே வெற்றி முன்னைய இழப்பையெல்லாம் மீட்டுவிடும் என்கிறார். 100 ரூபாயில்தானே தொடங்குகிறோம் என்று எனக்கும் ஆசை வருகிறது. பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஏற்காட்டுக்காரர்:
தம்பி, 100 ரூபாயில் தொடங்குவது உண்மைதான். ஆனால் ஏழு ரேஸ் தொடர்ந்து தோற்றால் 12,700 ரூபாய் போயிருக்கும், எட்டாவதில் 12,800 கட்ட வேண்டியிருக்கும். ஃபேவரிட் ஏறத்தாழ மூன்று ரேஸுக்கு ஒன்றில்தான் ஜெயிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஏழும் தோற்பதற்கு நூற்றில் ஆறு அளவுக்கு வாய்ப்பு உண்டு. அது அபூர்வமே அல்ல. இன்னொன்றை உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். 100, 200 என இரண்டு முறை தோற்று, மூன்றாவதில் 400 கட்டிய ஃபேவரிட் ஜெயித்தாலும், அதன் விலை ஒன்றுக்கு அரையாக, அதாவது கட்டிய ஒரு ரூபாய்க்கு அரை ரூபாய் லாபமாக இருந்தால் லாபம் 200 ரூபாய்தான். இழந்த 300 முழுதாகத் திரும்பாது.

இரட்டிப்பு முறை எவ்வளவு கட்டுவது என்று மட்டுமே சொல்லும். எந்தக் குதிரை என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 1996இல் உச்ச நீதிமன்றம் சென்னை ரேஸ் வழக்கில் குதிரைப் பந்தயத்தைத் திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தபோது, குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன் போன்றவற்றை எடைபோடும் அறிவைத்தான் கருதியதே தவிர, தொகையை இரட்டிப்பாக்கும் துணிச்சலை அல்ல. காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர் நிறத்தைப் பார்த்துத்தான் கை நீட்டுகிறார். கூடை காலியாக இருக்கிறதே என்று காயைப் பறிப்பதில்லை.

லீ பஜார் வாசகர்:
ஏற்காட்டு ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் கண்ணுக்கு அவர் கொடுக்கும் இடம் சற்று அதிகம் என்பேன். எங்கள் மண்டியில் மூட்டைக்குள் கைவிட்டே தரம் சொல்லும் வியாபாரிகளும் கடைசியில் தராசில் ஏற்றாமல் விலை பேசுவதில்லை. கையிருப்பில் எவ்வளவு பங்கைக் கட்டலாம் என்று கணக்கிட 1956இல் ஜான் கெல்லி வகுத்த முறையைப் பாருங்கள். ஒன்றுக்கு நான்கு விலையுள்ள குதிரைக்கு வெற்றி வாய்ப்பு 25 விழுக்காடு என்று நீங்கள் கணித்தால், கையில் உள்ள 10,000 ரூபாயில் 625 கட்டலாம் என்று அது சொல்லும். அதே குதிரைக்கு வாய்ப்பு 20 விழுக்காடுதான் என்றால் ஒரு ரூபாயும் கட்டாதே என்று சொல்லும். ஆக, கணிப்பு ஐந்து புள்ளி பிசகினால் முறையும் சேர்ந்து பிசகும். ஹாங்காங்கில் கணினி வைத்துப் பெரும்பணம் ஈட்டிய பில் பென்டர்கூடத் தம் கணக்கை மட்டும் நம்பாமல், கூட்டத்தின் கணிப்பான சந்தை விலையையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

இதற்கு மேல் வரி வேறு இருக்கிறது. கட்டும் பணம் முழுவதன் மீதும் 2023 அக்டோபர் முதல் 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது. (அரசுதான் எல்லா ரேஸிலும் ஜெயிக்கும் ஃபேவரிட்!) இந்தச் சுமையைத் தாண்டும் முறை எதையும் நான் கண்டதில்லை.

சூரமங்கலத்தான்:
இருவருக்கும் நன்றி. பழைய ரேஸ் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். எதில் கட்டினேன் என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். என்ன விலையில், ஏன் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. பெரும்பாலான நாள்களில் கடைசி ரேஸில் கட்டிய தொகைதான் மிகப் பெரியது; நண்பர் சொல்லும் முன்பே அவருடைய முறையைத்தான் பின்பற்றிவந்திருக்கிறேன் போலும். அடுத்த இரண்டு பயணங்களில் பணம் கட்டாமல், விலையையும் என் கணிப்பையும் ரேஸ் தொடங்கும் முன்பே எழுதி வைத்துப் பார்க்கப் போகிறேன்.