பிராடோ: ஓவியங்களைப் பார்ப்பதா, அரசர்களைப் படிப்பதா?

நீலாம்பல்:
மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் முதலில் ஸ்பெயினின் அரச பரம்பரையைப் படித்துவிட வேண்டும் என்றும், எந்த ஓவியம் எந்த அரசரிடம் இருந்தது என்று அறியாமல் உள்ளே நுழைவது வீண் என்றும் கல்வெட்டு ஐயா முன்னர் எழுதியிருந்தார். என்னால் இதை ஏற்க இயலவில்லை. நான்காம் பிலிப்பின் அரசவை ஓவியர் வெலாஸ்கஸ் 1656-இல் தீட்டிய ‘லாஸ் மெனினாஸ்’ மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. நடுவில் சிறுமியான இளவரசி, பின்சுவர்க் கண்ணாடியில் மங்கலாக இரு முகங்கள், தொலைவில் வாசற்படியில் திரும்பிப் பார்க்கும் ஒருவர், இடப்புறம் தூரிகையோடு நம்மையே நோக்கும் ஓவியர் ஆகியோரைக் கண்டு ஒருவர் அசந்து நிற்பதற்கு எந்த வம்சாவளியும் தேவையில்லை.

கல்வெட்டு:
கண்ணாடியில் தெரியும் அந்த முகங்கள் நான்காம் பிலிப் அரசரும் அரசி மரியானாவும் ஆவர். அந்த ஓவியம் அரண்மனையில் அரசரின் சொந்த அலுவல் அறையில் மாட்டப்பட்டிருந்தது. ஆகவே அதன் முன்னால் நிற்கவேண்டிய முதல் பார்வையாளர் அரசரே. அவர் நிமிர்ந்து பார்த்தால், தாம் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே கண்ணாடியில் தம் முகத்தையே காண்பார். அம்மையார் வியக்கும் அந்தப் பார்வை விளையாட்டு முழுவதும் ஓர் அரசருக்காகவே அமைக்கப்பட்டது. இன்று நாம் அவருடைய இடத்தில் நிற்கிறோம். ஓவியர் மார்பிலுள்ள சந்தியாகோ என்ற வீரப் பிரபுக்கள் சபையின் செஞ்சிலுவையும் அப்படித்தான்: அரசரின் தயவால் வெலாஸ்கஸ் அச்சபையில் சேர்ந்தது 1659-இல், எனவே சிலுவை பின்னர் சேர்க்கப்பட்டது.

இதைவிட முக்கியமானது அங்கே இல்லாதவை. இத்தாலியரான திஷியனும் பிளாண்டர்ஸைச் சேர்ந்த ரூபன்ஸும் அறை அறையாக நிறைந்திருக்கும் இந்தக் கட்டடத்தில் டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியம் ஒன்றுகூட இல்லை. மற்றொரு டச்சு ஓவியரான ரெம்பிராண்டுடையது என ஐயமின்றிச் சொல்லத்தக்கது 1634-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றே, அதுவும் பதினெட்டாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. 1568 முதல் 1648 வரை ஸ்பெயின் அரசர்கள் டச்சு மாகாணங்களோடு போரிட்டார்கள். தங்கள் ஆட்சியில் நீடித்த பிளாண்டர்ஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஓவியங்களைத் தருவித்தார்கள். பாஷ் என்ற ஓவியரின் ‘இன்பத் தோட்டம்’ அங்கே இருப்பதற்கும் அந்தப் போரே காரணம்: எதிர்த்தரப்பின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியத்தின் பிரஸ்ஸல்ஸ் மாளிகையிலிருந்து ஸ்பெயின் படைத்தலைவர் ஆல்பா பிரபுவின் ஆணையால் அது பறிமுதல் செய்யப்பட்டது, பின்னர் இரண்டாம் பிலிப்பின் கைக்கு வந்தது. வரலாறு அறியாதவர் இதையெல்லாம் ஐரோப்பிய ஓவியக் கலையின் முழு வரைபடம் என்று எண்ணிக்கொண்டு வெளியே வருவார்.

நெடுவழியன்:
இருவருக்கும் ஒரு நடைமுறை விண்ணப்பம். பலரும் மாலையில் இலவச அனுமதியுள்ள கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் செல்கிறார்கள். படமெடுக்கவும் அனுமதி இல்லை; அதனால் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானத்துக்கும் இடமில்லை. அவர்களுக்கு எதை விடச் சொல்வீர்கள்?

நீலாம்பல்:
வம்சாவளியை விடச் சொல்வேன். ‘அரசர்களின் ரசனை’ என்று கல்வெட்டு ஐயா கட்டியெழுப்புவதில் பாதி தற்செயல். 1734-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் மாட்ரிட் அரண்மனை தீப்பற்றியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் அழிந்தன. ‘லாஸ் மெனினாஸ்’ தப்பியது. வெலாஸ்கஸின் ‘மொரிஸ்கோக்களின் (கிறிஸ்தவத்துக்கு மாறிய முஸ்லிம்களின்) வெளியேற்றம்’ எரிந்து போனது. நாம் காண்பது அரசர் தேர்ந்தெடுத்ததை அன்று, தீயிலிருந்து ஆட்கள் மீட்க முடிந்ததை.

அரசர்கள் எல்லோரும் கலைக்காவலர்கள் என்ற தோற்றமும் தவறு. மூன்றாம் கார்லோஸ் நிர்வாண ஓவியங்களை எரித்துவிட எண்ணினார். அரசவை ஓவியர் மெங்ஸ் தலையிட்டதால்தான் அவை பிழைத்தன. அருங்காட்சியகம் 1819-இல் திறந்த பின்னும், 1827 முதல் சில ஆண்டுகள் அவற்றைத் தனி அறையில் பூட்டி வைத்து, சிறப்பு அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே காட்டினார்கள். ஜெர்மானிய ஓவியர் டியூரரின் ஆதாமும் ஏவாளும் அந்தக் கூட்டத்தில் இருந்தவை. மறைத்தவர்களின் பட்டியலைப் படித்துவிட்டு அவற்றைப் பார்க்க வேண்டுமாம், நல்ல வேடிக்கை.

கல்வெட்டு:
எரிக்க நினைத்ததும் பூட்டி வைத்ததும் அரச வரலாறு இல்லையா? அம்மையார் என் வாதத்தைத்தான் விரித்துரைக்கிறார். தீயைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நெருப்புக்குப் பின்னும் ரூபன்ஸ் நிறைந்தே இருக்கிறார், ரெம்பிராண்ட் அரிதாகவே இருக்கிறார்.

நீலாம்பல்:
அப்படியானால் ஸ்பெயின் ஓவியர் கோயாவுக்கு வருவோம். தன் மகனை விழுங்கும் ரோமானியப் புராணக் கடவுள் சனியை அவர் எந்த அரசருக்காகவும் வரையவில்லை. தம் வீட்டுச் சுவரிலேயே தீட்டினார். 1874-இல் தொடங்கி, அதுவும் மற்றவையுமாகக் ‘கறுப்பு ஓவியங்கள்’ எனப்படும் அந்தச் சுவரோவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்துத் துணிக்கு மாற்றினார்கள். வங்கியாளர் எர்லாங்கர் அவற்றை 1881-இல் ஸ்பெயினுக்கு அளித்தார். அப்போது பிராடோ அரசருடையதாக இல்லை. 1868 புரட்சிக்குப் பின் நாட்டுடைமையாகிவிட்டது. பிராடோவில் மனத்தை மிகவும் கலக்கும் அறைக்கும் அரச சேகரிப்புக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கல்வெட்டு:
அதே கட்டடத்தில் நான்காம் கார்லோஸின் குடும்ப ஓவியம் இருக்கிறது; தலைமை அரசவை ஓவியராக ஊதியம் பெற்றுக்கொண்டு, 1800-ஆம் ஆண்டில் கோயா தொடங்கியது அது. பட்டும் பதக்கமும் மின்ன, சற்றே திகைத்த முகங்களோடு நிற்கும் அந்தக் குடும்பத்தை முதலில் பார்த்துவிட்டு, யாருடைய ஆணையும் ஊதியமும் இன்றி அதே கை என்ன செய்தது என்று காணச் செல்லுங்கள். சனியின் கண்களிலுள்ள வெறி அப்போதுதான் எவ்வளவு தூரம் கடந்து வந்தது என்று புரியும். நெடுவழியனுக்கு என் விடை இதுவே: இரண்டு மணி நேரமானால் வெலாஸ்கஸ், கோயா இருவர் போதும், அரசர்கள் பெயரைப் பயணத்துக்கு முன் வீட்டிலேயே படித்துவிடலாம்.

நீலாம்பல்:
அந்த இரண்டு பெயர்களில் எனக்குச் சண்டை இல்லை. வரிசையில்தான் இருக்கிறது. நான் நேரே சனியிடம் போவேன். நேரம் மிஞ்சினால் அரச குடும்பத்தைப் பார்ப்பேன்.