கீதுன்னு எழுதலாமா ஐயா?

குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர் நான். போன வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு ராப் சொல்லித்தர வேலூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். வாரம் ஒரு நாள், கடைசிப் பீரியட். எனக்கு விருப்பமே இல்லை. தலைமையாசிரியர் சொன்னதால் கூட உட்கார்ந்தேன்.

முதல் நாளே ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை. தம்பி பெஞ்சைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். நம் பசங்களுக்கு அதைச் சொல்லியா தரவேண்டும்? பக்கத்து வகுப்புக் கணக்கு சார் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சத்தம் ஒரு தாளமாகச் சேர்ந்ததும் தம்பி கதையைத் தொடங்கினார். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கில் பிராங்ஸ். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். புதுத்துணிக்குப் பணம் சேர்க்க சிண்டி என்ற பெண் தன் குடியிருப்பிலேயே நுழைவுக் கட்டணம் வைத்து ஒரு பார்ட்டி நடத்துகிறாள். இசைத்தட்டு போட்டது அவள் அண்ணன் கூல் ஹெர்க். பாட்டில் டிரம் மட்டும் தனியாக வரும் இடத்தில்தான் கூட்டம் ஆடுகிறது என்று பார்த்து, அந்தத் துண்டையே நீட்டி ஓட்டியவர் அவர். ராப் அடங்கிய ஹிப் ஹாப் பிறந்த கதை இதுதான். “யூனிபார்ம் வாங்கவா சார் பாட்டு போட்டாங்க?” என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது.

மூன்றாம் வாரம் ஊரைப் பற்றி எழுதச் சொன்னார். ஒரு பெண் நேராக என்னிடம் வந்து, “ஐயா, பாட்டுல கீதுன்னு எழுதலாமா?” என்றாள். ‘இருக்கிறது’ என்பதை எங்கள் பக்கம் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லைப் பதினைந்து வருஷமாகச் சிவப்பு மையில் சுழித்தவன் நான். சரி, எழுது என்றேன்.

‘தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்’ என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அதை அவள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறாள். ஆனால் ஜலகண்டேசுவரர் 1981இலேயே கோட்டைக்குள் இருக்கும் தன் கோயிலுக்குத் திரும்பிவிட்டாரே! அவள் எழுதியது:

கோட்டை கீது, ராஜா ஏது?
சாமி வந்தாச்சு, தண்ணி ஏது?

கரும்பலகைக்குப் போனேன். கீது, ஏது: இரண்டாம் எழுத்து ஒன்று, எதுகை. அடியின் கடைசியில் ஒத்து வந்தால் இயைபு. வருஷா வருஷம் தொண்டை வறளச் சொல்லியும் ஏறாத பாடம், அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் முடிந்தது. ராப் முழுக்க இயைபுதான் என்பது எனக்கும் அன்றுதான் உறைத்தது.

அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகர்:
ராப் பாடகர் அறிவு எங்கள் ஊர்க்காரர். அதனால் இங்கே பசங்களுக்கு ராப் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு இல்லை, பக்கத்துத் தெரு அண்ணன் செய்கிற வேலை மாதிரி. என் தம்பி மகன் புத்தகத்தைத் தொடமாட்டான், ஆனால் பாட்டுக்குச் சொல் தேடி என்னிடம் அகராதி கேட்டான்.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி:
எங்களுக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. மகள் படிக்கும் தனியார் பள்ளியில் இதையே ஆண்டுவிழாப் போட்டியாக்கி, யாரோ எழுதிய வரியை மனப்பாடம் செய்யவைத்து, மார்க்கும் போட்டார்கள். ஒரு மாசம் வீட்டில் அழுகைதான். ஐயா, ஒரு கேள்வி: இப்போதும் கீதுவைச் சுழிக்கிறீர்களா?

குடியாத்தம் ஆசிரியர்:
கட்டுரை நோட்டில் சுழிப்பேன் அம்மா. பாட்டு நோட்டைப் பசங்க என்னிடம் தருவதில்லை.