16 வயது பைன் தோப்பு, இப்போதே வெட்டலாமா?

காடூட்_பட்டறை:
வணக்கம். சிங்கப்பூர் சுங்கை காடூட்டில் பாலெட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) அடிக்கும் பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறேன். என் மச்சான் நியூசிலாந்தில், ரோட்டோருவா பக்கம், 16 வயது ரேடியேட்டா பைன் தோப்பு வாங்கியிருக்கிறார். இப்போதே வெட்டச் சொல்லி ஒரு தரகர் நச்சரிக்கிறாராம். வெட்டலாமா?

ஈசூன்_தச்சன்:
அவசரம் வேண்டாம் அண்ணே. அங்கே பெரும்பாலும் 25 முதல் 30 வயதுக்குள்தான் வெட்டுவார்கள். இளமரத்தில் வைரம் பாய்ந்திருக்காது, பலகை காயும்போது முறுக்கிக்கொள்ளும். அடிமரத்தில் சுமார் 6 மீட்டர் வரை கிளை கழித்திருக்கிறதா? காசே அதில்தான், முடிச்சில்லாத பலகை வரும். கழிக்காதது பெரும்பாலும் கட்டுமானப் பலகை, பாலெட் மாதிரி வேலைக்குத்தான். முடிச்சில் ஆணி வளைவது உங்களுக்குத் தெரியாததா!

காடூட்_பட்டறை:
கழித்திருக்கிறது. ஆனால் மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன.

உட்லண்ட்ஸ்_அக்கா:
இடைமரங்களை முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும் தம்பி. இந்த வயதில் எடுத்தால் மிச்ச மரம் காற்றில் சாயலாம். உள்ளூர் வன ஆலோசகரை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். விற்கும்போது மொத்த விலை பேசாமல் கட்டையைத் தரம் பிரித்து விற்பது நல்லது. காட்டைப் பொறுப்பாகப் பராமரித்ததற்கான எஃப்எஸ்சி சான்றிதழ் கேட்கும் வாங்குபவர்களும் உண்டு. அப்புறம், மறுநடவுச் செலவை இப்போதே ஒதுக்கட்டும். 1990க்கு முன்பிருந்தே காடாக இருந்த நிலமென்றால், வெட்டிவிட்டு வேறு உபயோகத்துக்கு மாற்றினால் காடு அழிந்து வெளியேறும் கார்பனுக்காக அந்நாட்டு அரசின் கார்பன் கணக்கில் கட்ட வேண்டிவரும். தரகர் இதைச் சொன்னாரா?