பெரிய வியாழன்: நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய்ப் பாதம் கழுவுவது எப்படி?

கேள்வி: வாலிபர் ஐக்கியச் செயலர்

அனைவருக்கும் தோத்திரம். இயேசு தம் சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூர்ந்து, எங்கள் சபையில் பெரிய வியாழன் ஆராதனையில் போதகர் 12 பேருக்குப் பாதம் கழுவுவது வழக்கம். இந்த முறை, ஆலயத்துக்கு வர முடியாத 18 மூத்த விசுவாசிகளின் வீடுகளுக்கே போய் வாலிபர்கள் கழுவுவது என்று முடிவாகியிருக்கிறது. போதகர் ஐயாவும் சம்மதித்துவிட்டார். இந்த 18 பேரில் 7 பேருக்குச் சர்க்கரை. 4 பேர் எழுந்து உட்கார முடியாமல் படுக்கையிலேயே இருக்கிறார்கள்.

தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கலாம், எவ்வளவு நேரம் கழுவலாம், புண் இருந்தால் என்ன செய்வது, படுக்கையில் இருப்பவருக்கு எப்படிச் செய்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூப்பர் ஒருவர் "இது வெளிவேஷமாகப் போய்விடக் கூடாது தம்பி" என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். அதற்கு எப்படிக் காவல் வைப்பது என்றும் சொல்லுங்கள்.

பதில் 1: வார்டு சிஸ்டர்

தம்பி, முதலில் தண்ணீர். 37 டிகிரி செல்சியஸைத் தாண்டவே கூடாது. 35, 36 இருந்தால் போதும். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்ட காலுக்குச் சூடு உறைக்காது. "சூடா இருக்காம்மா?" என்று கேட்டால் "இல்லப்பா, இதமா இருக்கு" என்பார். மறுநாள் பார்த்தால் கொப்புளம் இருக்கும். அதனால் அவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் விரலையும் நம்பாதீர்கள். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது தண்ணீரில் போடுகிற தெர்மாமீட்டர் ஒன்று ஒவ்வொரு குழுவிடமும் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் முழங்கையின் உள்பக்கத்தை நனைத்துப் பாருங்கள். சூடு என்றும் தோன்றக்கூடாது, குளிர் என்றும் தோன்றக்கூடாது. பேசினில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் வெந்நீரைக் கலந்து, நன்றாகக் கலக்கிய பிறகு பாருங்கள். கால் உள்ளே இருக்கும்போது மேலும் வெந்நீர் ஊற்றவே கூடாது.

நேரம், ஒரு காலுக்கு ஒன்றரை நிமிடம். ஊற வைக்கக் கூடாது. ஊறிய தோல் வெளுத்து, தளர்ந்து, விரலிடுக்கில் எளிதில் பிளந்துவிடும். ஆகவே வேதவாசிப்பு, பாட்டு, ஜெபம் எல்லாம் கால் தண்ணீருக்குள் போகும் முன்பே முடிந்துவிட வேண்டும். காலை நனைத்துவிட்டு நீண்ட ஜெபம் செய்தால் தண்ணீர் ஆறிப்போகும், பெரியவருக்குக் குளிரும், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

காலைப் பிடிக்கிற விதம் ஒன்று இருக்கிறது. கணுக்காலைக் கொத்தாகப் பற்றியோ விரலைப் பிடித்தோ தூக்காதீர்கள். உங்கள் உள்ளங்கையில் அவர் குதிகால் உட்கார வேண்டும், மற்றக் கை கெண்டைக்காலுக்கு அடியில் இருக்க வேண்டும். பேசின் விளிம்பைத் தாண்டுகிற அளவுக்குத் தூக்கினால் போதும். அதற்கு மேல் தூக்கினால் அவர் உடம்பு பின்னால் சாயும். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டுவிட்டு, கால் வைக்கும் தட்டுகளை மடக்கிவிட்டு ஆரம்பியுங்கள். பேசினுக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு வேண்டும். 3 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். தரையில் சிந்தினால் நீங்கள் போன பிறகு எழுந்திருக்கிறவர் வழுக்கி விழுவார்.

எல்லோரும் அவசரப்படுகிற இடம் துவட்டுவதுதான். ஒத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். பாதத்தை முடித்தபின் டவலின் உலர்ந்த முனையை ஒரு விரலில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு இடுக்கிலும் தனித்தனியாக ஒற்றுங்கள். சுண்டுவிரலுக்கும் அதன் பக்கத்து விரலுக்கும் நடுவில்தான் ஈரம் ஒளிந்திருக்கும். சேற்றுப்புண் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். விரல்கள் ஒட்டிக்கிடந்தால் பலவந்தமாக விரிக்காமல் டவல் முனையை மெல்ல நுழைத்து எடுங்கள். பிறகு மேல்பாதத்திலும் குதிகாலிலும் ஈரப்பத க்ரீம் தடவலாம். விரலிடுக்கில் தடவக் கூடாது. பவுடரும் கொட்ட வேண்டாம், அது ஈரத்தோடு சேர்ந்து கட்டிக்கொள்ளும்.

புண், கட்டு, நீர் வடிதல் இருந்தால் அந்தக் காலை நனைக்கவே வேண்டாம். மற்றக் காலை மட்டும் கழுவுங்கள், அல்லது இரண்டு கைகளையும் கழுவிவிடுங்கள். நகம் வெட்டுவது, காலாணியைச் சீவுவது, காய்ந்த தோலைப் பிய்ப்பது இதெல்லாம் நம் வேலை இல்லை, அவரே கெஞ்சிக் கேட்டாலும்கூட. கெண்டைக்காலை அமுக்கிவிடவும் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்க இடமுண்டு. அமுக்கினால் அந்தக் கட்டி இடம்பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அதேபோல் சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பாதம் சிவந்து வீங்கி, வலியே இல்லை என்றால் நிம்மதிப்படாதீர்கள். அது எலும்பு நொறுங்க ஆரம்பித்ததன் அறிகுறியாக இருக்கலாம். இந்த இரண்டையும், விரல் கறுத்திருப்பதையும் பார்த்தால் அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள்.

படுக்கையில் இருப்பவருக்கு இரண்டு பேர் வேண்டும். நீர் புகாத விரிப்பு, அதன்மேல் பெரிய டவல், அதன்மேல் 1 லிட்டர் தண்ணீரோடு சின்ன பேசின். முழங்காலை மடக்கி, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துப் பாதத்தைப் பேசினுக்குள் இறக்குங்கள். ஒருவர் முழங்காலைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கால் மடங்க வராதவருக்கு வற்புறுத்தாமல், நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டால் போதும்.

துவட்டும்போது குதிகாலின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு இருந்தால் ஒரு விரலால் அமுக்கி எடுங்கள். வெளுத்து, திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பம். கறுத்த நிறத் தோலில் சிவப்பு தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கடினமாகவோ, கறுப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வீட்டாரிடம் சொல்லி, கெண்டைக்கால் நீளத்துக்கும் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் தொங்கும்படி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வருகையால் ஒரு குதிகால் புண்ணாகாமல் தப்பினாலே பெரிய காரியம்.

ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி ஒரு மாலையில் 4 வீடு பார்க்கலாம், ஆகவே 5 ஜோடிகள் தேவை.

பதில் 2: உபதேசியார்

சிஸ்டர் எழுதியதில் எல்லாம் அடங்கிவிட்டது. மூப்பர் கேட்டதற்கு மட்டும் நான் சொல்கிறேன்.

யோவான் 13ஐ மெதுவாக வாசியுங்கள். ஆண்டவர் எழுந்தார், மேலாடையைக் கழற்றி வைத்தார், துண்டைக் கட்டிக்கொண்டார், தண்ணீர் ஊற்றினார், கழுவினார், துடைத்தார். எடுபிடி ஆள் யாரும் இல்லை. பேசினை ஒருவர் ஏந்த, டவலை இன்னொருவர் நீட்ட, நடுவில் ஒருவர் குனிந்து நிற்கிற காட்சி அங்கே கிடையாது. உங்கள் ஜோடியிலும் யார் கழுவுகிறாரோ அவரே தண்ணீரைக் கலந்து, அவரே அழுக்குத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றட்டும். வெளிவேஷம் நுழைகிற வாசல் அதிலேயே பாதி அடைபட்டுவிடும்.

மற்றப் பாதி, கேமரா. படமே வேண்டாம். குடும்பத்தார் ஆசைப்பட்டால் எல்லாம் முடிந்து, கால் மூடி, அவர் உடை சரிசெய்த பிறகு, அவரைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும். வெறுங்காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதியவர் ஊர்முழுக்கத் தன்னைப் பார்ப்பதை விரும்பமாட்டார்.

6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புனித பெனடிக்டின் மடாலய ஒழுங்கில், 35ஆம் அதிகாரம் சமையலறைப் பணியைப் பற்றியது. வாரப் பணியை முடிக்கிறவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, சகோதரர்கள் கைகாலைத் துடைத்த துணிகளைத் துவைக்க வேண்டும். அவரும் அடுத்த வாரம் பணி ஏற்கிறவரும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக, சேதமில்லாமல் பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாதம் கழுவுதலும் துணி துவைத்தலும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். 18 வீட்டு டவல்களையும் யார் துவைக்கப் போகிறார் என்பதைப் பெயர்ப்பட்டியலில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

12 பேர், ஆண்கள் என்ற கணக்கு உங்களைக் கட்டுப்படுத்த வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையிலேயே 2016 ஜனவரியில் வந்த ஆணைக்குப் பிறகு பெண்களின் பாதமும் இந்தச் சடங்கில் கழுவப்படுகிறது. 1 தீமோத்தேயு 5:10இல் பரிசுத்தவான்களின் கால்களைக் கழுவியவர்களாகச் சொல்லப்படுகிறவர்களே விதவைகள்தான். மூத்த பெண்களுக்குப் பெண்களே போவது நல்லது. அது அவர்களுக்குச் சங்கடமில்லாமல் இருக்கும்.

பதில் 3: புதிய விசுவாசி

ஒருவர் "என் காலை நீங்க தொடக்கூடாது" என்று பிடிவாதமாக மறுத்தால்? அவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி, ஐயா?

பதில் 4: உபதேசியார்

சம்மதிக்க வைக்க வேண்டாம். தம் சீடர் பேதுரு மறுத்தபோது, 'நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை' என்று ஆண்டவர் பேசியதுபோல் பேச நமக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் அந்த உரையாடலில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. பேதுரு முதலில் வேண்டவே வேண்டாம் என்கிறார், அடுத்த நிமிடமே கையையும் தலையையும்கூடக் கழுவும் என்கிறார். கால் மட்டும் போதும் என்று ஆண்டவர் அளவோடு நிறுத்துகிறார். தேவையானதை மட்டும் செய்யுங்கள்.

குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே ஒருவர் நேரில் போய்க் கேட்க வேண்டும். பலர் கூட்டமாகப் போய் நின்று கேட்டால் மறுக்க வாய் வராது, அது சம்மதம் ஆகாது. "காலைக் கழுவட்டுமா, கையைக் கழுவட்டுமா, இல்லை சும்மா ஜெபித்துவிட்டுப் போகட்டுமா?" என்று மூன்றையும் சமமாக வைத்துக் கேளுங்கள். பலர் மறுப்பதற்குக் காரணம் தாழ்மைகூட இல்லை. நகம் தடித்திருக்கும், வாடை இருக்கும், வெட்கப்படுவார்கள். அதனால் முகம் சுளிப்பவரை அனுப்பாதீர்கள்.

அந்த வீட்டில் தினமும் அவரைத் துடைத்துக் குளிப்பாட்டுகிற மருமகளோ, மகனோ, பணிப்பெண்ணோ இருப்பார். காலை எப்படிப் பிடித்தால் வலிக்காது என்று அவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டு, அவர் சொல்வதுபோல் செய்யுங்கள். அவர் செய்வதில் குறை தெரிந்தால் பெரியவர் முன்னால் திருத்தாதீர்கள். விருப்பமானால் அவர் பாதத்தையும் கழுவுங்கள். யாரும் அவரை நினைப்பதில்லை.

திரும்ப வருவோம் என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள், வர முடியும் என்றால் மட்டும் நாளைக் குறித்துச் சொல்லுங்கள். அப்போஸ்தலர் 6இல் அன்றாடப் பந்தியில் விதவைகள் விடுபட்டபோது, அப்போஸ்தலர்கள் எல்லோரையும் பொதுவாக எச்சரித்துவிட்டு நகரவில்லை. சபையார் பெயர் சொல்லித் தெரிந்தெடுத்த 7 பேரை நியமித்தார்கள். 18 வீட்டுக்கு மாதம் ஒருமுறை போக ஆளில்லையென்றால் 6 வீட்டுக்குப் போங்கள், ஆனால் விடாமல் போங்கள். வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற முதியவருக்கு ஏமாற்றம் தாங்காது.

கேள்வி கேட்டவர்: வாலிபர் ஐக்கியச் செயலர்

சிஸ்டருக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. ஒரே பேசினை வீடுவீடாக எடுத்துப்போவது சரியா? க்ளவுஸ் போட வேண்டுமா? எங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி, அவர் மண்டியிட முடியாது. அவரை விட்டுவிடலாமா?

பதில் 5: வார்டு சிஸ்டர்

விட்டுவிட வேண்டாம். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து கழுவட்டும். குனிந்தே நின்று செய்தால்தான் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

க்ளவுஸ், தோல் முழுசாக இருந்தால் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், மோதிரம், வாட்சு கழற்றி வையுங்கள், நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும். உங்கள் கையில் வெட்டு இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். புண்ணே இருந்தால் அன்றைக்கு நீங்கள் கழுவ வேண்டாம், டவல் துவைக்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கழுவும்போது வெடிப்பில் ரத்தம் கசிந்தால் உடனே க்ளவுஸ் போடுங்கள், ஆகவே பையில் ஒரு ஜோடி இருக்கட்டும்.

பேசின், அந்தந்த வீட்டிலேயே சுத்தமான ஒன்று இருந்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஜோடிக்கு 4 பேசின், வீட்டுக்கு ஒன்று. டவல் ஆளுக்கு இரண்டு, ஒன்று விரிக்க, ஒன்று துவட்ட. ஒருவருக்குப் பயன்படுத்திய தண்ணீரோ டவலோ இன்னொருவர் காலைத் தொடக்கூடாது. கணவன் மனைவியானாலும் சரி, சேற்றுப்புண் அப்படித்தான் பரவும்.

திரும்பி வந்ததும் பேசினை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசுங்கள். அழுக்கும் சோப்பும் மிச்சமிருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. பிறகு 5 சதவீத ப்ளீச் திரவம் 20 மில்லியை 980 மில்லி பச்சைத் தண்ணீரில் கலந்து, பேசினின் உள்பக்கம் முழுக்கப் படும்படி 10 நிமிடம் விட்டு, அலசி, கவிழ்த்துக் காய வையுங்கள். பாட்டிலில் வேறு சதவீதம் போட்டிருந்தால் அளவும் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளீச்சோடு கழிவறை ஆசிட்டோ அமோனியா கலந்த திரவமோ சேரவே கூடாது, விஷவாயு வரும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். நேற்றைய கலவைக்கு வீரியம் குறைந்திருக்கும். டவல்களை 60 டிகிரித் தண்ணீரில் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மடித்து வையுங்கள்.