வாடகை வீடு, இரண்டு வாண்டுகள், விடுமுறை: கைவேலைக்கு என்ன கொடுக்கலாம்?

வடவள்ளி அம்மா கேட்கிறார்:

மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு இரண்டரை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கைப்பேசியைக் கொடுக்காமல் விடுமுறையைச் சமாளிப்பது என்று முடிவு செய்து, கடையில் விற்கும் கைவினைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். யானையை அவர்களே வெட்டி வைத்திருந்தார்கள். கண், காது, தும்பிக்கை எல்லாம் ஒட்டுவதற்குத் தயார். மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்து உட்காருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த யானையை அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது வந்த அட்டைப் பெட்டிக்குள்தான் இளையவன் இன்னமும் உட்கார்ந்திருக்கிறான்.

காணொளி பார்த்துச் செய்தால் வேறு தொல்லை. அதில் வரும் பட்டாம்பூச்சி போலத் தன்னுடையது இல்லை என்று பெரியவள் அழுகிறாள். கடைசியில் வெட்டுவதும் நான், ஒட்டுவதும் நான். பள்ளியில் கேட்கும் செய்முறை வேலையும் அப்படித்தான்: நள்ளிரவில் சார்ட் பேப்பரும் ஜிகினாவுமாக என் கணவர் உட்கார்ந்திருப்பார், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

சுவரில் ஒரு கோடு விழுந்தாலும் வீட்டுக்காரம்மாவின் முகம் மாறிவிடும். சின்னவன் எதைக் கொடுத்தாலும் முதலில் வாயில்தான் வைத்துப் பார்ப்பான். இன்னொன்று, அட்டையில் தாள் ஒட்டினால் காய்ந்ததும் பொரித்த அப்பளமாக வளைந்துகொள்கிறது. எந்தப் பசை வாங்கினாலும் இதே கதை. அதிகம் செலவில்லாமல், உண்மையிலேயே பிள்ளைகளே செய்யக்கூடியதாக ஏதாவது சொல்லுங்களேன்.

மொட்டைமாடி:

தோழி, சுவர்க் கவலை உள்ள வீட்டுக்கு என் வைத்தியம் வெறும் தண்ணீர். வெள்ளையடிக்கும் பழைய மட்டை ஒன்று, ஒரு சொம்புத் தண்ணீர். மாலை வெயில் தாழ்ந்ததும் மாடித் தரையில் வரையச் சொல்லுங்கள். சிமெண்ட் கருத்துக் கோடு விழும், சூட்டில் மறையும், மறுபடி வரைவார்கள். உங்கள் இளையவன் வயதுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. வாயில் வைத்தாலும் தண்ணீர்தானே. நீங்கள் கூடவே இருங்கள், மாடிச் சுவர் எட்டும் உயரத்தில் ஸ்டூல் எதுவும் கிடக்க வேண்டாம்.

பைண்டிங் தாத்தா, சிவகாசி:

மகளே, நான் டைரி, நோட்டு, கணக்குப் புத்தகம் என்று காலமெல்லாம் காகிதத்தோடு கிடந்தவன். இப்போது என் பசைக் கிண்ணம் பேரப் பிள்ளைகள் வசம்.

முதலில் அந்த வளைவு. குறை பசையில் இல்லை. பசை தடவியதும் தாள் ஈரம் குடித்துக் கொஞ்சம் விரிகிறது. விரிந்தபடியே அட்டையில் ஒட்டிவிடுகிறோம். காயும்போது அது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கிறது, அட்டையையும் தன்னோடு இழுக்கிறது. அதனால்தான் பட்டறையில் அட்டையின் மேலே தாள் ஒட்டினால் உள்பக்கமும் ஒன்று ஒட்டாமல் விடமாட்டோம். இரண்டு பக்கமும் இழுத்தால் அட்டை நடுவில் நேராக நிற்கும். நீங்கள் பின்பக்கத்துக்குப் பழைய செய்தித்தாளையே ஒட்டுங்கள். ஈரத்தோடு இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அரிசி டப்பாவை ஏற்றி, ஓர் இரவு தொடாமல் விடுங்கள். பிள்ளைகளுக்கு இந்த ஓர் இரவுதான் கடினமான பகுதி.

இரண்டாவது, கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வையுங்கள். கிழிக்கட்டும். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேரான பட்டையாக வரும். குறுக்கே கிழித்துப் பாருங்கள், கோணல்மாணலாக எங்கோ போகும். ஆலையில் கூழ் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுகின்றன. கிழிசல் நாரோடு சுலபமாகப் போகும், நாரை மீறிப் போவதற்கு மல்லுக்கட்டும். இதைப் பெரியவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டாம். இரண்டு திசையிலும் கிழிக்கக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். 'இந்தப் பக்கம் மட்டும் ஏன் நேராக வருகிறது' என்று அவளே வந்து கேட்பாள். அப்போது சொன்னால் போதும்.

பசைக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஒரு பங்கு மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, நான்கைந்து பங்கு கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். வெண்மை போய்க் கண்ணாடித்தன்மை வரும்போது இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் இறுகும். குளிர்பெட்டியில் வைத்து இரண்டொரு நாள் பயன்படுத்தலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பைண்டிங் கடையில் கேட்டால் ஒரு கிண்ணம் பசை சும்மாவே தருவார்கள். வாங்காதீர்கள். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது நஞ்சு. சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் பசையும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இனிப் பிள்ளைகளுக்கான வேலை. எங்கள் அம்மா காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் காகிதக் கூழ்க் கூடை இருக்கும். பழைய தாளைக் கிழித்து ஊறப்போட்டு, ஊறிய வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த பானையின் முதுகில் அப்பிக் காயவைப்பார்கள். வெந்தயத்தின் வழவழப்புதான் அதற்குப் பசை, பூச்சியும் சுலபத்தில் வராது. உங்கள் வீட்டில் கவிழ்த்த எவர்சில்வர் கிண்ணம் போதும். மேலே ஈரத் துணி ஒன்றைப் போர்த்திவிட்டால் காய்ந்த பிறகு கழற்ற வரும். தாள் இரண்டு கை நிறைய அள்ளினால் வெந்தயம் ஒரு கைப்பிடி. அரைப்பதற்கு முன் ஊறிய தண்ணீரை ஒன்றிரண்டு தடவை மாற்றிக் கூழைப் பிழிந்துவிடுங்கள், மையின் கருமை குறையும். அப்பும்போது சோளத்தோசை கனம் இருக்கட்டும். அதிகமானால் உள்ளே ஈரம் நின்று நாறும்.

கிழிப்பது இளையவன் பங்கு, அதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. அப்புவது பெரியவள். அரைப்பது மட்டும் உங்களுடையது. கூடை கோணலாகத்தான் வரும். கையை வைத்துச் சரிசெய்யாதீர்கள். யானையை வெட்டிக் கொடுத்த அந்தப் பெட்டிக்காரன் பிள்ளையின் வேலையில் பாதியைத் தானே தின்றுவிட்டான். மீதிப் பாதியை நீங்கள் தின்ன வேண்டாம்.

ஆரத்தித் தட்டு:

தாத்தா சொன்னதற்கு ஒரு வண்ணச் சேர்க்கை. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாள் முழுக்கப் பூசிக் காயவையுங்கள். சமையல் சோடாவை இன்னொரு கிண்ணத்தில் கரைத்து, அதில் தூரிகையைத் தோய்த்து மஞ்சள் தாளில் வரையச் சொல்லுங்கள். நிறமே இல்லாத தண்ணீர் தொட்ட இடமெல்லாம் செங்காவியாக மாறும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள். ஆரத்தியில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பாகிறதே, அதே சங்கதிதான். ஆனால் பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் பெரிய வினை. துணியில் மஞ்சள் பட்டால் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள், கறை மங்கிவிடும். சுவரில் பட்டால் வீட்டுக்காரம்மாவிடம் நான் பரிந்துபேச வர முடியாது.

பாலர் வகுப்பு டீச்சர்:

அழுகிறாள் என்றீர்களே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவள் அழுவது பட்டாம்பூச்சிக்காக இல்லை, பக்கத்தில் ஒரு மாதிரி இருப்பதால். மாதிரியை எடுத்துவிடுங்கள். காணொளியை நீங்கள் மட்டும் முன்னதாகப் பார்த்துவிட்டு, பொருள்களை மட்டும் தரையில் பரப்புங்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் பாலர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் என்ற அம்மையார், குழந்தைகள் வரைந்த படங்களைச் சுமார் பத்து லட்சம் சேர்த்தவர். 1969-இல் வெளிவந்த அவருடைய நூலில் கிறுக்கல்களையே 20 அடிப்படை வகையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்: புள்ளி, ஒற்றைக் கோடு, வளைந்து திரும்பும் கோடு, சுழி என்று. உங்கள் இளையவன் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறான். 'இது என்ன' என்று அவனிடம் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டதற்காக 'நாய்' என்று ஒன்றைச் சொல்லிவைப்பான், அவ்வளவுதான். இன்னும் ஓரிரு வருடத்தில் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்தே இரண்டு கால் இறக்கி 'அம்மா' என்பான். உடம்பு எங்கே என்று அன்றைக்கும் கேட்காதீர்கள்.

பள்ளி கேட்கும் செய்முறை வேலைக்கும் பிள்ளை செய்ததையே அனுப்புங்கள். அப்பா செய்தது எது, பிள்ளை செய்தது எது என்று ஆசிரியைக்குப் பார்த்தவுடன் தெரியும். நான் சொல்கிறேன், நம்புங்கள்.

இரவுப் பணி செவிலி:

வாயில் வைப்பவன் இருக்கும் வீட்டில் சில விஷயம். மூன்று வயது ஆகும்வரை மணி, பொத்தான், ஒட்டுக் கண், ஜிகினா எதுவும் அவன் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையைப் பிரித்துக் கைவேலை செய்யும் ஆசை வந்தால் அதிலுள்ள பொத்தான் பேட்டரியை முதலில் அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும், தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தாத்தாவின் வெந்தயத்தை அரைத்த பிறகே காட்டுங்கள். முழு வெந்தயம் மூக்குக்குள் போய், அங்கேயே ஊறிப் பருத்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தாள் ஊறும் வாளியை அவனோடு தனியாக விடாதீர்கள், கால் வாளித் தண்ணீரே இந்த வயதுக்கு ஆபத்து. உப்பு மாவுப் பொம்மை என்று யாராவது சொல்லுவார்கள். அதில் மாவில் பாதி உப்பு, தின்கிற பிள்ளைக்கு ஆகாது. சப்பாத்தி மாவு ஒரு உருண்டை கொடுங்கள், அதையும் பச்சையாகத் தின்ன விடாதீர்கள்.

வடவள்ளி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. அட்டை இப்போது நேராக நிற்கிறது ஐயா! செய்தித்தாள் விஷயம் நீங்கள் சொன்னபடியே நடந்தது, ஒரே ஒரு வித்தியாசம்: கேட்டது மகள் இல்லை, என் கணவர்.

கிண்ணமும் செய்துவிட்டோம். ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அடைக்கலாமா என்று கேட்டதற்கு, அது கதவு என்றாள். இப்போது அதில் முறுக்கு வைத்துத்தான் தின்பேன் என்று பிடிவாதம். வைக்கலாமா? அடிப்பக்கம் காய்ந்துவிட்டதா என்றும் சரியாகத் தெரியவில்லை.

பைண்டிங் தாத்தா, சிவகாசி:

முறுக்கு வேண்டாம் மகளே. அச்சு மையில் என்னென்ன சேருகிறது என்று தெரிந்தவன் சொல்கிறேன். செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-இல் அறிவுறுத்தியது, அரைத்துக் கூழாக்கினால் மட்டும் மை எங்கே போகும்? எண்ணெய்ப் பண்டத்தில் இன்னும் சுலபமாக இறங்கும். அவள் விடமாட்டாள் என்றால், எந்தக் கிண்ணத்தின் முதுகில் அப்பினீர்களோ அதையே உள்ளே இறக்கி, முறுக்கை அதில் போடுங்கள். அளவு கச்சிதமாக உட்காரும்.

காய்ந்ததா என்று விரலால் பார்த்தால் தெரியாது. அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் ஒரு வெயில் கொடுங்கள். கதவை அடைக்க வேண்டாம்.