கிராவல் சைக்கிள் டயரும் ஹேண்டில்பாரும்: புதுப்பிப்பு

சரளைப் பாதைக்கான என் கிராவல் சைக்கிளை அமெரிக்காவின் கான்சாஸில் எம்போரியா பக்கம் ஓட்ட 40 மி.மீ. டயர் போதுமா, 45 போகலாமா, ஹேண்டில்பாரையும் மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? இரண்டையும் மாற்றியாயிற்று.

டயர் 45 மி.மீ. ஷ்வால்பே ஜி-ஒன் ஆர்எஸ், டியூப்லெஸ். நடுவில் கிட்டத்தட்ட வழவழப்பு, ஓரங்களில் மட்டும் குமிழ்கள். நேரே போகையில் சத்தமில்லாமல் உருளுகிறது, வளைவில் சரளையைப் பிடித்துக்கொள்கிறது. அகலம் கூடினால் வேகம் போய்விடும் என்று சிலர் எச்சரித்தீர்கள். தார்ச்சாலையில் சரி, கரடுமுரடான தரையில் கதையே வேறு. காற்று குறைவாக இருந்தால் டயர் கல்லின்மேல் அமுங்கிக் கடக்கிறது, ஆளும் சைக்கிளும் குலுங்கி வீணாகும் சக்தி மிச்சம். என் 72 கிலோவுக்கு முன்னால் 28, பின்னால் 30 பிஎஸ்ஐ காற்று. இதற்கும் கீழே இறக்கினால் ரிம் அடிவாங்கும். எம்போரியா பக்கத்துக் குன்றுப் பகுதியான ஃபிளின்ட் ஹில்ஸில் கிடப்பது சக்கிமுக்கிக் கல், விளிம்பு பிளேடு மாதிரி. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் மட்டும் அடைக்காது, ஓட்டையில் செருகும் பிளக் கிட்டும் வேண்டும். அப்புறம், ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இடம் விடுங்கள். மழை பெய்தால் அந்த ஊர் மண் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும்.

ஹேண்டில்பார் மேலே 42 செ.மீ. அகலம், கீழே 12 டிகிரி வெளிப்பக்கம் விரிவு. இறக்கத்தில் கீழ்ப்பிடியில் கை அகன்று நிற்பதால் முன்சக்கரம் அலைவது குறைந்திருக்கிறது. நண்பரின் 20 டிகிரி பாரையும் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் லீவர் சாய்ந்து நிற்பது என் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை.

ஏரோ பார் (முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட முன்னால் நீட்டிய கம்பி) கேட்டவர்களுக்கு: எம்போரியாவில் நடக்கும் அன்பவுண்ட் கிராவல் போட்டியில், முன்னணி வீரர்களுக்கான எலைட் பிரிவில் 2023-இல் அதற்குத் தடை வந்துவிட்டது. நானும் மாட்டவில்லை. கூட்டத்தில் ஓட்டும்போது கை பிரேக்கில் இருக்க வேண்டும்.